மூணாறு ஓடையில் டிரவுட்: இரையை மாற்றும் முன் நிற்கும் இடத்தை மாற்றுங்கள்

டிரவுட் மீனுக்குத் தூண்டிலோடு போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் முதலில் இரையைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு அதில் இல்லை. தூண்டில் தண்ணீரைத் தொடும் முன்பே மீன் ஆளைப் பார்த்திருக்கும்.

அனுமதி. இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் வனத்துறை அனுமதியின்றித் தூண்டில் போடுவது குற்றம். எஸ்டேட் ஓடை என்றால் எஸ்டேட் நிர்வாகத்திடம் கேளுங்கள். மாட்டுப்பெட்டி, குண்டளை அணைகள் கேரள மின்வாரியத்துடையவை. அங்கேயும் கேட்காமல் இறங்காதீர்கள்.

சாமான். ஆறு, ஏழு அடியில் லேசான ராடு (தூண்டில் கோல்), நூலைச் சுற்றி வைக்கச் சின்ன ஸ்பின்னிங் ரீல், 2 கிலோ தாங்கும் நரம்பு (தூண்டில் நூல்). முள் 8 அல்லது 10ஆம் எண். எண் கூடினால் முள் சிறிதாகும். புதியவர்கள் இதைத் தலைகீழாக நினைத்துப் பெரிய முள்ளை வாங்கிவிடுகிறார்கள். முள்ளிலிருந்து ஒரு சாண் மேலே மிளகளவு ஈயக்குண்டு ஒன்று, வேகமான நீருக்கு இரண்டு. ரீலின் டிராகை, அதாவது நரம்பின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை, அரை கிலோ இழுப்புக்கே நரம்பு விட்டுக்கொடுக்கும்படி தளர்த்தி வையுங்கள். இறுக்கி வைத்தால் மீன் துள்ளும்போது நரம்பு அறும், அல்லது வாய் கிழிந்து மீன் போய்விடும்.

முடிச்சு. நரம்பை முள்ளின் கண்ணில் நுழைத்து, நுனியால் மேல் நரம்பை ஐந்து சுற்று சுற்றுங்கள். கண்ணை ஒட்டியிருக்கும் சிறு வளையத்தில் நுனியை விட்டு, அப்போது உண்டாகும் பெரிய வளையத்துக்குள்ளும் ஒருமுறை எடுங்கள். இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள். உலர்ந்த நரம்பு உரசிச் சூடேறி அந்த இடத்திலேயே பலம் இழக்கும்.

நேரம். டிரவுட் குளிர்நீர் மீன். நீர் 10 முதல் 16 டிகிரிக்குள் இருந்தால் நன்றாகத் தின்னும். 20ஐத் தாண்டினால் நீரில் ஆக்சிஜன் குறைந்து சோர்ந்துவிடும். ஒரு சின்ன வெப்பமானி கையில் இருந்தால் பாதி ஊகம் தேவைப்படாது. மார்ச் முதல் மே வரை விடியற்காலையே சரி. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் மீன் அசையாது. வெயில் ஏறி ஒன்பது மணிக்கு மேல் போனால் போதும். மழைக்காலத்தில் ஓடை கலங்கி ஓடினால் வீட்டிலேயே இருங்கள்; மேலே பெய்த மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது.

நிற்கும் இடம். இதில்தான் எல்லாமே இருக்கிறது. டிரவுட் ஓட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து, மிதந்து வரும் இரைக்குக் காத்திருக்கும். அதனால் கீழிருந்து மேல்நோக்கிப் போங்கள். மீனின் பின்பக்கமாக வருவீர்கள். குனிந்து, புதரை ஒட்டி, நிழல் நீரில் விழாமல் நடங்கள். தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கும் மீனுக்குக் கரையில் உயரமாக நிற்பது தெரியும், தாழ்ந்திருப்பது தெரியாது. காலடி அதிர்வும் அதற்கு எட்டும். பாறை மேல் பொத்துபொத்தென்று நடந்தால் அந்த மடுவில் அரை மணி நேரத்துக்கு எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

வேகநீரும் மந்தநீரும் உரசும் கோடு, பெரிய பாறையின் முன்னும் பின்னும், அருவி விழும் குழியின் ஓரம், வேர் அரித்த கரையின் அடி: மீன் இருப்பது இங்கேதான். நடுவில் பளிச்சென்று தெரியும் ஆழமற்ற நீரை விட்டுவிடுங்கள்.

இரை. ஓடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் மணலும் குச்சியும் ஒட்டிய சிறு கூடுகள் இருக்கும். உள்ளே நெளியும் புழுதான் அந்த ஓடை மீனின் அன்றாடச் சாப்பாடு. பார்த்துவிட்டுக் கல்லை அப்படியே திருப்பி வையுங்கள். தூண்டிலுக்கு மண்புழு போதும். புல்வெளி ஓரம் வெட்டுக்கிளியும், மழைக்குப் பின் ஈசலும் நன்றாக எடுபடும். ஸ்பின்னர் (நீரில் இழுத்தால் சுழலும் உலோகத் தகடு வைத்த செயற்கை இரை) போடுகிறவர்கள் 3, 4 கிராமுக்கு மேல் போகாதீர்கள். இரைக்கு மேலே ஸ்விவல் (தானாகச் சுழலும் சிறு இணைப்பு வளையம்) இல்லையென்றால் நரம்பு முறுக்கிக்கொள்ளும்.

போடுவது. மீன் இருக்கும் இடத்துக்கு ஐந்தாறு அடி மேலே விழச்செய்து, ஓட்டம் தானாக இழுத்துவர விடுங்கள். பக்கத்தில் மிதக்கும் நுரையைக் கவனியுங்கள். நுரையை முந்திக்கொண்டு நரம்பு போனால் இரை இழுபடுகிறது. அதை டிரவுட் தொடாது. ராடு நுனியை உயர்த்தி, நீரில் கிடக்கும் நரம்பைக் குறையுங்கள். நரம்பு சட்டென்று நின்றாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ ராடை உடனே தூக்குங்கள். வெட்டி இழுக்க வேண்டாம். ஒரே இடத்தில் பத்து முறை போட்டும் அசைவில்லையென்றால் அடுத்த மடுவுக்குப் போங்கள்.

பிடித்த மீனைத் திரும்ப விடுவதானால் முள்ளின் நுனியை ஒட்டிப் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் முன்பே நசுக்கிவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள். உலர்ந்த கை மேல்வழுவழுப்பை உரித்துவிடும், புண் வரும். முள் தொண்டைக்குள் போயிருந்தால் பிடுங்காமல் நரம்பை அறுத்துவிடுங்கள். தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, தானாக நீந்தும்வரை காத்திருங்கள். டிரவுட் குளிர்காலத்தில் ஜல்லிக்கற்களுக்கிடையில் முட்டையிடும். அந்த மாதங்களில் ஜல்லித் திட்டின் மேல் மிதிக்கவே வேண்டாம்.

மாட்டுப்பெட்டி, குண்டளைப் பக்கம் யானைகள் தண்ணீரோரப் புல்லுக்கு இறங்கும். பச்சைச் சாணம் கண்டால் அன்றைக்குச் சாமானைச் சுருட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஏறுங்கள்.