பச்சை இலை போட்ட மின்கட்டணத் திட்டம்: சேரும் முன் ஒரு கேள்வி

ஊரில் மின்வாரியம் வைத்ததுதான் சட்டம். இங்கே பிரிட்டனில் மின்சாரம் விற்கப் பல நிறுவனங்கள் போட்டி போடுகின்றன. வாடகை வீட்டின் சாவி கைக்கு வந்த அன்றே மீட்டரைப் படம் பிடித்து, அந்த வீட்டுக்கு ஏற்கெனவே மின்சாரம் தரும் நிறுவனத்துக்கு அளவை அனுப்பிவிடுங்கள். முன்பு குடியிருந்தவர் எரித்ததற்கு நீங்கள் காசு அழ வேண்டாம். பில் உங்கள் பெயரில் வருமானால், வாடகைக்கு இருந்தாலும் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம்.

அப்போது 'நூறு சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம்' என்ற வாசகம் கண்ணைப் பறிக்கும். வந்த புதிதில் அதைப் படித்துவிட்டு, என் பணத்தில் எங்கோ கடலோரத்தில் காற்றாலை எழுகிறது என்றே நினைத்திருந்தேன். சூட்சுமம் 'ரீகோ' என்ற சான்றிதழில் இருக்கிறது. காற்றாலையோ சூரியமின் நிலையமோ ஆயிரம் யூனிட் உற்பத்தி செய்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதை மின்சாரத்திலிருந்து பிரித்துத் தனியாக விற்கலாம். அதை வாங்கும் மின் நிறுவனம், அந்த அளவுக்குத் தான் விற்பது புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று சொல்லிக்கொள்ளலாம். சராசரி வீடு ஆண்டுக்குச் சுமார் 2,700 யூனிட் எரிக்கிறது. மூன்று சான்றிதழ் போதும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஒன்றின் விலை ஒரு பவுண்டைக்கூடத் தொடவில்லை. மூன்று பவுண்டுக்குள் ஒரு வீடே பச்சையாகிவிடும்! பிறகு விலை ஏறியது. ஆனாலும் பழைய காற்றாலையின் காகிதத்தை வாங்கினால் புதியது முளைத்துவிடாது.

ஆகவே நிறுவனத்திடம் கேட்க வேண்டியது இதுதான்: கடைசியாக எதை, எங்கே, யார் பணத்தில் கட்டினீர்கள்? இங்கே மின்சாரம் விற்கும் மூன்று நிறுவனங்களைப் பாருங்கள். ஈகோட்ரிசிட்டி 1996-இல் குளோஸ்டர்ஷயரில் தன் முதல் காற்றாலையை நிறுவியது. பில் பணத்தைக் காற்றாலையாக்குவதே அதன் விளம்பரப் பேச்சு. குட் எனர்ஜி தன் காற்றாலைகளையும் சூரியமின் நிலையங்களையும் 2022-இல் விற்றுவிட்டது. உற்பத்தியாளர்களோடு நேரடி ஒப்பந்தம் போட்டு வாங்குவதே அதன் வழி. ஆக்டோபஸின் உற்பத்திப் பிரிவு நிறைய முதலீடு செய்கிறது. அதில் பெரும்பகுதி வெளி முதலீட்டாளர்களின் நிதி, உங்கள் பில் தொகை அல்ல.

இன்னொன்று. கடலில் எழும் பெரிய காற்றாலைகளில் பெரும்பாலானவை அரசு ஏலம் நடத்தி, மின்சாரத்துக்கு இன்ன விலை என்று உறுதி தரும் ஒப்பந்தங்களை நம்பி எழுபவை. அதற்கான செலவு எந்த நிறுவனத்தின் பில்லிலும் ஏற்கெனவே கலந்திருக்கிறது. எனவே முதல் ஆண்டில் கை கடித்தால், மலிவான திட்டத்தில் கூச்சமின்றிச் சேருங்கள். இடையில் விலகினால் கட்டணம் உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.