பதின்பருவப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்கும்போது ஆசிரியர்களும் நூலகர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்டாவது, ஒன்பதாவது வந்துவிட்டால் பிள்ளைகள் படிப்பதையே விட்டுவிடுகிறார்கள் என்று பல ஆசிரியர்கள் வருத்தப்படுகிறார்கள். ஆனால் அந்த வயதில் ஒரு கதைப் புத்தகம் அவர்கள் கைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்று பார்த்தால் பாதிக் காரணம் விளங்கிவிடும்.

முதல் தவறு பூட்டு. பல பள்ளிகளில் நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் இருக்கும் ஒரு பீரோ. ஒரு புத்தகம் தொலைந்தாலும் பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் இருப்புப் பதிவேடு இடிக்குமே என்ற பயத்தில் பொறுப்பாசிரியர் அதைத் திறப்பதில்லை. அந்தப் பயம் நியாயமானதுதான், அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகளில் முதலாவதே, நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பது. பழைய ஐரோப்பிய நூலகங்களில் நூல்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்ததை அங்கே அவர் விரிவாகச் சொல்கிறார். தொலைவதும் கிழிவதும் புழக்கத்தின் செலவு. அதைத் தலைமையாசிரியர் ஏற்றுக்கொண்டு, பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பதிவேட்டை இரண்டு மாணவர்களிடமே கொடுத்துப் பாருங்கள், யாரிடம் எந்தப் புத்தகம் இருக்கிறது என்று அவர்கள் விரல் நுனியில் வைத்திருப்பார்கள்.

அடுத்து, வயது. ஆறு வயதிலிருந்து பதினாறு வயது வரை எல்லாருக்கும் ‘சிறுவர் நூல்’ என்று ஒரே அடுக்கு இருக்கிறது. பதினான்கு வயதுப் பையனிடம் முயல், ஆமைப் படக் கதையை நீட்டினால் அவமானமாக நினைப்பான். எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் இருப்பவனுக்கு அந்த அவமானம் இன்னும் அதிகம். மொழி எளிதாக இருக்கட்டும், விஷயம் அவன் வயதுக்கு இருக்கட்டும்: விளையாட்டு வீரர்களின் வாழ்க்கை, துப்பறியும் கதை, காமிக்ஸ். தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று வாசிப்புத் திறனை வைத்துப் பிரித்தது நல்ல யோசனை. ஆனால் அந்தப் பெயரையே பிள்ளையின் மேல் ஒட்டி, ‘நீ இன்னும் நுழையிலதான் இருக்கே’ என்று வகுப்பில் சொல்லிவிடக் கூடாது.

கதை முடிந்த கையோடு ‘இதிலிருந்து என்ன நீதி தெரிகிறது?’ என்று கேட்பதும், கட்டாய மதிப்புரை எழுதச் சொல்வதும் வாசிப்பைத் தேர்வாக்கிவிடும். ‘யார் மேல கோபம் வந்துச்சு?’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் சரி, விட்டுவிடுங்கள்.

மிகக் கவனம் தேவைப்படுவது கனமான விஷயங்களைப் பேசும் புத்தகங்களில்தான். காதல், சாதி, மாதவிடாய், பாலியல் சீண்டல் வந்தால் ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று அடுக்கிலிருந்தே எடுத்துவிடுகிறோம். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பாலியல் சீண்டலைப் பிள்ளைகளுக்கான மொழியிலேயே பேசுகிறது. சிறார் இலக்கியத்துக்கு சாகித்ய அகாதெமி தரும் பால சாகித்ய புரஸ்கார் விருதை 2020ஆம் ஆண்டுக்குப் பெற்றது. இப்படி ஒரு நூலை ஒளித்து வைப்பது தவறு. முன்தயாரிப்பு இல்லாமல் வகுப்பில் வாசித்துவிட்டு, ‘உங்கள்ல யாருக்காவது இப்படி நடந்திருக்கா?’ என்று கேட்பது அதைவிடப் பெரிய தவறு. நாற்பது பேர் நடுவில் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? அந்தக் கேள்விக்குத் தலை குனிந்தவளையே மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

முதலில் நீங்கள் முழுதாகப் படித்துவிடுங்கள். வாசித்து முடித்ததும் பொதுவாகச் சொல்லுங்கள்: ‘யாருக்காவது பேசணும்னா சாயங்காலம் நான் இங்கதான் இருப்பேன்.’ கூடவே குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098ஐப் பலகையில் எழுதி வையுங்கள். ஒரு பிள்ளை வந்து சொன்னால், ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைப்பது குற்றம். ‘உன் மேல தப்பில்லம்மா, உன்னைக் காப்பாத்துறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்’ என்பதே நேர்மையான பதில். துருவித் துருவி விசாரிக்கவும் வேண்டாம், அது உங்கள் வேலை அல்ல.

நூலகப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றி எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் கிடைத்தும் ஆசிரியர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தால், புத்தகம் பிள்ளைகளுக்கு மட்டும் விதிக்கப்பட்ட வேலை என்றாகிவிடும். அந்த நாற்பது நிமிடம் நீங்களும் ஒரு புத்தகத்தைப் பிரித்து உட்காருங்கள்.

அப்புறம், பாதியில் திருப்பிக் கொடுக்கிற பிள்ளையைத் திட்டாதீர்கள். ‘எந்த இடத்துல சலிச்சுது?’ என்று கேட்டுப் பாருங்கள். வர்ணனை நீளம் என்றால் உரையாடல் நிறைந்த கதையாகக் கொடுக்கலாம். அழுகை வந்தது என்றால் கொஞ்ச நாள் கழித்து அதையே மறுபடி கொடுத்துப் பார்க்கலாம்.