கருவிழி மாற்றிய கண் சிவந்தால் ‘மெட்ராஸ் ஐ’ என்று காத்திருக்காதீர்கள்

கண் மருத்துவமனையின் கருவிழி (கண்ணின் முன்புறத் தெளிவான படலமான ‘கார்னியா’) பிரிவில் நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. கண்ணைக் கசக்காதீர்கள், கையைக் கழுவிவிட்டு மருந்து விடுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை எல்லோரும் சொல்கிறார்கள், நோயாளிகளும் கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் புதியவர்கள், முன்பு வந்தவர்கள் செய்த அதே சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை.

சிவந்த கண்ணோடு வீட்டில் இருப்பது

வயலில் நெல்தாள் குத்திப் பூஞ்சைப் புண் வந்து, அது ஆறிய பின்னும் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்ட ஒரு பெண்மணி. மாற்றுக் கருவிழி பொருத்திய பிறகு, வரும் பஸ்ஸின் ஊர்ப்பெயரைப் படிக்கும் அளவுக்குப் பார்வை திரும்பியிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துக் கண் சிவந்தது. அப்போது தெருவில் பாதிப் பேருக்கு மெட்ராஸ் ஐ. மகன் மருந்துக்கடைக்குப் போய், பக்கத்து வீட்டுப் பையன் போட்டுக்கொண்ட அதே சொட்டு மருந்தை வாங்கி வந்தார். சிவப்பு கொஞ்சம் குறைந்தது, மங்கல் குறையவில்லை. ஊர்த் திருவிழா முடியட்டும் என்று இருந்துவிட்டார்கள். எங்களிடம் வந்தபோது கருவிழி வீங்கி, பால் ஊற்றியது போல் வெளுத்திருந்தது. அவரது உடல் அந்தக் கருவிழியை நிராகரித்துவிட்டது.

இன்றைக்கும் இது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. முதல் நாளே வந்திருந்தால் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருந்தது.

‘இரண்டு வருடம் ஆகிவிட்டது, இனி உடம்பு ஏற்றுக்கொண்டிருக்கும்’ என்ற நினைப்புதான் இதன் வேர். கருவிழியில் ரத்தக் குழாய்கள் இல்லை. அதனால் உடலின் எதிர்ப்பாற்றல் அதை எளிதில் கண்டுகொள்வதில்லை. நிராகரிப்பைத் தடுக்கும் மருந்து எதுவும் இல்லாத 1905ஆம் ஆண்டிலேயே மொராவியாவின் (இன்றைய செக் குடியரசு) ஓலமுட்ஸ் நகரில் எடுவார்ட் சிர்ம் என்ற மருத்துவர் இந்த அறுவை சிகிச்சையில் வெற்றி கண்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் இந்தச் சலுகை நிரந்தரமானதல்ல. பல ஆண்டுகள் கழிந்தும் நிராகரிப்பு வரலாம்.

சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கருவிழியின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காகச் செல்கள் உள்ளன. நீரை இடைவிடாமல் வெளியேற்றிக் கருவிழியைத் தெளிவாக வைத்திருப்பவை அவைதான். நிராகரிப்பில் தாக்கப்படுபவையும் பெரும்பாலும் அவையே. அழிந்த செல் மறுபடி முளைக்காது. சீக்கிரம் வந்தால், நிராகரிப்பை அடக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மணிக்கொரு முறை விட்டுப் பல கண்களைக் காப்பாற்றிவிடலாம். தாமதித்தால் இன்னொரு கருவிழிக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டாவது முறை நிராகரிப்பு அபாயமும் கூடுதல். துக்க வீட்டில், இறந்த ஆறு மணி நேரத்துக்குள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஒரு குடும்பம் கொடுத்த தானம் அது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

சிவப்பு, வெளிச்சத்தில் கூச்சம், மங்கல், வலி. இந்த நான்கில் ஒன்று வந்தாலும் போதும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மெட்ராஸ் ஐயில் பீளை கட்டி இமை ஒட்டுவது வழக்கம், நிராகரிப்பில் பீளை அதிகம் இராது. ஆனாலும் வீட்டில் நீங்களாக அதை முடிவுசெய்யாதீர்கள். முழுக் கருவிழியை அல்லாமல், அந்தச் செல்கள் உள்ள உள்படலத்தை மட்டும் மாற்றிய கண்களில் சிவப்பே இல்லாமல் மங்கல் மட்டும் வரக்கூடும். தினமும் காலையில் மற்றக் கண்ணை மூடிக்கொண்டு சுவரிலுள்ள நாள்காட்டியைப் பாருங்கள். நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று தெரியாவிட்டால் கிளம்பிவிடுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாக ‘இது கருவிழி மாற்றிய கண்’ என்று சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு மருந்தில் சொந்த முடிவு

கண்ணில் சிவப்பு போய்விட்டது என்று நிறுத்துகிறவர்கள் ஒருபுறம், பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விடுகிறவர்கள் மறுபுறம். நிறுத்தினால் நிராகரிப்பு. பரிசோதனை இல்லாமல் தொடர்ந்தால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு சத்தமில்லாமல் சேதமாகும். இந்த மருந்தைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் மருத்துவர் சொன்னபடி. இன்னொன்று: பிரெட்னிசோலோன் அசிடேட் போன்ற மருந்து அடியில் தங்கிவிடும். குலுக்காமல் விட்டால் கண்ணுக்குப் போதிய மருந்து போய்ச் சேராது.

நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய்

கூடவே கூடாது.

தையல் உறுத்தலைப் பொறுத்துக்கொள்வது

முழுத் தடிமன் கருவிழி மாற்றத்தில் தலைமுடியைவிட மெல்லிய நைலான் தையல்கள் பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் கண்ணில் இருக்கும். அவற்றில் ஒன்று தளர்ந்தால் மணல் விழுந்த உறுத்தல் வரும். தளர்ந்த தையலில் கிருமி தங்கும், அது நிராகரிப்பையும் தூண்டும். அதை எடுப்பது சில நிமிட வேலை. அடுத்த பரிசோதனைத் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள்.

மல்லாந்து படுக்கச் சொன்னதை மீறுவது

உள்படல மாற்றத்தில் புதிய படலத்தைத் தாங்கிப் பிடிப்பது கண்ணுக்குள் விட்ட காற்றுக் குமிழி மட்டுமே. சொன்ன நேரம் வரை கூரையைப் பார்த்தபடி படுங்கள். குமிழி கரையும்வரை விமானப் பயணம் வேண்டாம்.

பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இருப்பது

முழுத் தடிமனும் மாற்றிய கண்ணில், வெட்டி ஒட்டிய விளிம்பு பழைய உறுதியை ஒருபோதும் முழுதாக அடைவதில்லை. கன்றுக்குட்டி தலையால் இடித்தாலும், மடியிலிருக்கும் குழந்தையின் முழங்கை பட்டாலும், ஆண்டுகள் கடந்த தழும்பும் பிளந்துபோகலாம். பவர் தேவையில்லாவிட்டாலும் பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மாட்டுத்தொழுவத்துக்குப் போகும்போதும்.