விட்பில ஃபிஷ் அண்ட் சிப்ஸ் பார்த்து வாங்குறது எப்படி

இங்கிலாந்து கடற்கரை ஊருக்குப் போனா ஃபிஷ் அண்ட் சிப்ஸ், அதாவது மாவுல தோய்ச்சுப் பொரிச்ச மீனும் தடியா நறுக்கிப் பொரிச்ச உருளைக்கிழங்கும், சாப்பிடாம வர மனசு வராது, ஆனா டூரிஸ்ட் கூட்டம் நெரியுற இடத்துல பல பேருக்குக் கிடைக்கிறது சொதசொதன்னு ஒரு மீனும் எண்ணெய் குடிச்ச சிப்ஸும்தான், அந்த விலைக்கு அது ரொம்ப அநியாயம்.

யார்க்‌ஷயர் பகுதில இருக்கிற விட்பி மாதிரி கடற்கரை ஊர்ல முதல்ல கவுண்டர் மேல இருக்கிற கண்ணாடிப் பெட்டியப் பாருங்க. பொரிச்ச மீன் வரிசையா கிடந்தா, புதுசா பொரிச்சுத் தர முடியுமான்னு கேளுங்க, கொஞ்ச நேரம் ஆகும்னு சொன்னா தாராளமா நில்லுங்க. யார்க்‌ஷயர் பக்கம் ஹாடக் மீன்தான் விரும்பிச் சாப்பிடுவாங்க, அதையே வாங்குங்க. டப்பாவ உடனே திறந்துடுங்க, ஆவி அடைஞ்சா மொறுமொறுப்பு போயிடும்.

முக்கியமான விஷயம், அந்தப் பக்கம் நிறைய கடைல மாட்டுக் கொழுப்புலதான் பொரிப்பாங்க, சிப்ஸும் அதுலதான், அதனால மாடு சாப்பிடாதவங்களும் சைவக்காரங்களும் வெறும் உருளைக்கிழங்குதானேன்னு வாங்கிடாம எதுல பொரிக்கிறீங்கன்னு கேட்டுடுங்க.

வெளிய உக்காந்தா சீகல் பறவை கைல இருந்தே பிடுங்கும், சுவர் ஓரமா உக்காருங்க. மீன் சரியா வேகலன்னா ரெண்டு வாய்லயே நிறுத்திட்டு கவுண்டர்ல கொண்டு போய்க் காட்டுங்க, முழுசா முடிச்சுட்டு சொன்னா மாத்தித் தர மாட்டாங்க.