பழைய வேட்டைத் துப்பாக்கியின் போல்ட்டைச் சோதிக்கும் முறை

பழைய போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கியை வாங்க எண்ணுபவர் பெரும்பாலும் குழலின் உட்புறத்தைத்தான் முதலில் பார்க்கிறார். ஆனால் சுடுபவரின் முகத்தைக் காப்பவை போல்ட்டின் (குழலின் பின்முனையை அடைக்கும் எஃகுத் தண்டு) லக்குகளும் (போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் புடைப்புகள்) அவை அமரும் ரிசீவரின் (போல்ட் உள்ளே இயங்கும் உடற்பகுதி) எஃகும்தான். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு வகுக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அதனால் பின்னோக்கி எழும் விசையின் பெரும்பகுதியை அந்தச் சிறிய லக்குகளே தாங்குகின்றன.

முதலில் சேம்பரும் (தோட்டா அமரும் அறை) மேகசினும் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) காலியாக உள்ளனவா எனக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, போல்ட்டைக் கழற்றி எடுக்கவும்.

அடுத்து, துப்பாக்கி எந்தக் காலத்தது என்று பார்க்க வேண்டும். கடினமான எஃகுதான் வலிமையான எஃகு என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியன்று. 1898 மவுசரின் ரிசீவர் கார்பன் குறைந்த எஃகால் ஆனது. அதன் மேற்தோல் மட்டும் கடினமாக்கப்பட்டிருப்பதால், அளவு மீறிய அழுத்தத்தில் உள்ளே உள்ள மென்மையான எஃகு நசுங்குமே தவிர எளிதில் சிதறாது. இதற்கு நேர்மாறானவை தொடக்ககால ஸ்பிரிங்ஃபீல்டு 1903 துப்பாக்கிகள். உலையின் வெப்பத்தைத் தொழிலாளர்கள் கண்ணால் நிறம் பார்த்தே கணித்ததால் சில ரிசீவர்களின் எஃகு அளவுக்கு மேல் சூடாகி நொறுங்கும் தன்மை பெற்றது. 1917இல் சில வெடித்துச் சிதறிய பிறகே வெப்பப் பதனிடும் முறை மாற்றப்பட்டது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையின் 800,000க்குக் கீழான வரிசை எண்ணும், ராக் ஐலண்டு ஆலையின் 285,507க்குக் கீழான வரிசை எண்ணும் கொண்டவற்றைச் சுடாமல் வைத்திருப்பதே என் பரிந்துரை. எவ்வளவு அழகாகப் பாலிஷ் போட்டிருந்தாலும் இது மாறாது.

லக்குகளின் பின்முகத்தில் மார்க்கர் மையைப் பூசி, போல்ட்டைப் பின்னோக்கி அழுத்தம் விழும்படி பல முறை திறந்து மூடவும். இரண்டு லக்குகளிலும் மை தேய்ந்திருந்தால் சுமை பகிரப்படுகிறது. ஒன்றில் மட்டும் தேய்ந்திருந்தால் மற்றது பெயருக்குத்தான் இருக்கிறது. லக்கின் அடிப்பகுதியில் மயிரிழை விரிசல் உண்டா என்று உருப்பெருக்கியால் பார்க்கவும். காலித் துப்பாக்கியிலேயே கைப்பிடியைத் தூக்கும்போது தடுக்கினால், ரிசீவரின் உள்ளே லக்குகள் அமரும் இடம் குழிந்திருக்கலாம். அதைத் தேய்த்துச் சமன் செய்யும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் தேய்க்கத் தேய்க்கக் கடினமான மேற்தோல் போய்விடுவதோடு ஹெட்ஸ்பேஸும் (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா தங்கி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) கூடிவிடும்.

ஹெட்ஸ்பேஸை அந்தத் தோட்டாவுக்கே உரிய கேஜ்களால்தான் (தோட்டா வடிவ அளவுக் கட்டைகள்) அளக்க வேண்டும். ஃபயரிங் பின்னையும் (தோட்டாவைத் தட்டும் ஊசி) எக்ஸ்ட்ராக்டரையும் (தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கி) அகற்றிவிட்டு, விரல் நுனி அழுத்தத்தில் மட்டும் மூடிப் பார்க்கவும். ‘கோ’ கேஜில் போல்ட் மூட வேண்டும், ‘நோ-கோ’ கேஜில் மூடக் கூடாது, ‘ஃபீல்டு’ கேஜிலும் மூடினால் துப்பாக்கி சுடத் தகுதியற்றது.

தீ விபத்தில் சிக்கிய துப்பாக்கிக்கு இந்தச் சோதனைகள் எதுவும் போதா. ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தாலோ மரக்கட்டை கருகியதற்கான தடம் தெரிந்தாலோ, எஃகின் பதம் போயிருக்கக்கூடும் என்று கருதி வாங்காமல் விட்டுவிடவும்.