ஓ.பி. வேன் நினைவுகளை ஒலிப்பதிவு செய்வது எப்படி?

வானொலி நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் நான்கு பேர் ஒரு திருமண வீட்டில் சந்தித்துக்கொண்டால், பந்திக்கு அழைப்பு வருவதற்குள் பேச்சு எப்படியும் ஓ.பி. வேனில் போய் நின்றுவிடும். எந்த ஊர்த் தேரோட்டத்துக்குப் போனோம், எந்த வாய்க்கால் கரையில் வண்டி சிக்கியது, நேரடி ஒலிபரப்புக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது லைன் செத்துவிட்டதே, அப்போது ஓடியது யார் என்று ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்வார். ஓ.பி. என்றால் 'அவுட்சைட் பிராட்காஸ்ட்', அதாவது நிலையத்துக்கு வெளியே சென்று ஒலிபரப்புவது. அதற்கான கருவிகளைச் சுமந்த அந்த வண்டியைப் பற்றிக் கோப்புகளில் தங்குவது பெரும்பாலும் டீசல் கணக்கும் பயணப்படிப் பட்டியலும்தான். வேலை நடந்த விதம் வேலை செய்தவர்களின் நினைவில்தான் இருக்கிறது. சென்னை வானொலி 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி வானொலி 1939 மே 16 அன்றும் தொடங்கின. அந்த முதல் தலைமுறையைக் கேட்டுவைக்கும் வாய்ப்பு நம் கையைவிட்டுப் போய்விட்டது. காந்த நாடாவோடும் தொலைபேசிக் கம்பியோடும் மல்லாடிய 1970, 80களின் தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஒரு நிலையத்தின் தொழில்நுட்பப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற நான், பழைய சக ஊழியர்களை வீடு தேடிச் சென்று பதிவு செய்துவருகிறேன். இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக, அதில் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் யாரைப் பதிவு செய்வது என்பதை முடிவு செய்ய வேண்டும். அறிவிப்பாளர்களின் குரலையும் பெயரையும் நேயர்கள் அறிவார்கள். அவர்களைப் பேட்டி காண யாராவது வருவார்கள். வண்டி ஓட்டியவர், கேபிள் இழுத்தவர், மைக் ஸ்டாண்டைத் தோளில் சுமந்தவர், கோயில் மதில்மேல் ஏறி ஆன்டெனா கட்டிய டெக்னீஷியன் ஆகியோரிடம் எவரும் சென்று கேட்பதில்லை. ஆகவே பட்டியலை அவர்களிடமிருந்து தொடங்குங்கள். அதிலும் வயதில் மூத்தவரை முதலில் பாருங்கள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் தள்ளிப்போட்ட ஓட்டுநர் ஒருவரின் வீட்டுக்கு, பிறகு துக்கம் விசாரிக்கத்தான் போக நேர்ந்தது. அவர் அறிந்திருந்த பாதைகளை எனக்குச் சொல்ல இப்போது வேறு ஆள் இல்லை.

கேட்கப் போகிறவருக்கு ஓ.பி. நடந்த முறை ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போனால், பேசுபவர் உங்களுக்குப் புரியாது என்று எண்ணி மேலோட்டமாகச் சொல்லி நிறுத்திவிடுவார். சுருக்கமாகச் சொன்னால், விழா நடக்கும் இடத்தில் வைத்த மைக்குகளின் ஒலி ஒரு சிறிய மிக்ஸருக்கு வரும். அங்கே ஒருவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு மைக்கின் அளவையும் கூட்டிக் குறைப்பார். அங்கிருந்து ஒலி, அஞ்சல் தந்தித் துறையிடம் முன்கூட்டியே பதிவு செய்து பெற்ற தொலைபேசிக் கம்பி வழியாக நிலையத்தின் கட்டுப்பாட்டு அறைக்குச் செல்லும். இதற்கு நிகழ்ச்சி லைன் என்று பெயர். இதோடு இன்னொரு லைனும் கேட்டு வாங்குவார்கள். அது நிலையத்தில் இருப்பவரோடு பேசுவதற்கானது. கம்பி போகாத இடங்களில் சிறிய வி.எச்.எஃப். டிரான்ஸ்மிட்டரை வைத்து ஒலியை அனுப்பினார்கள். பேசும் லைன் அறுந்துவிட்டால் கடைசி வழி டிரான்சிஸ்டர் பெட்டிதான். தங்கள் நிலையத்தின் ஒலிபரப்பையே அதில் கேட்டு, ஸ்டூடியோ அறிவிப்பாளர் முன்னுரையை முடித்த நொடியில் வர்ணனையாளருக்குக் கையசைப்பார்கள். இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, "சார், அன்றைக்கு இரண்டு லைனும் இருந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவதை நீங்களே காண்பீர்கள்.

"உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று மட்டும் தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லோரிடமிருந்தும் ஒரே வகையான, மேடைக்குத் தயாரித்த பதில்தான் வருகிறது. அதற்கு மாறாக, கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். நாடா சுற்றிய பழைய ஸ்பூல், காலியான டேப் டப்பா, ஹெட்ஃபோன், கருவிகளை இணைக்கும் பேட்ச் கார்டு கம்பி, வண்டியின் முன் எல்லோரும் நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம் என எது கிடைத்தாலும் போதும். எண்பது வயதைக் கடந்த ஒரு பொறியியல் உதவியாளரிடம் ஐந்து அங்குல ஸ்பூல் ஒன்றைக் கொடுத்தேன். அதுவரை மறதியைப் பற்றியே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தவர், நாடாவின் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, இடப்பக்கத்திலிருந்து இழுத்து, மேசைமேல் கருவியே இல்லாத வெற்று இடத்தில், அழிக்கும் ஹெட், பதியும் ஹெட், ரப்பர் உருளை என்று ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே வலப்பக்கம் கொண்டுபோய்ச் சுற்றினார். பிறகு, யாரும் கேட்காமலே, ஊஹர் டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வயல் வரப்பில் நடந்த கதையைத் தொடங்கினார். அந்த ஸ்பூலில் 600 அடி நாடா. விநாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் 16 நிமிடம்தான் ஓடும். ஒரு விவசாயி மனம் திறந்து பேசத் தொடங்கும்போது நாடா முடியப்போகிறது என்றால், அவர் பேச்சை நிறுத்தாமல் எப்படி ஸ்பூல் மாற்றுவது என்பதை அந்த உதவியாளர் சொன்ன பத்து நிமிடங்கள் எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் கிடைக்காதவை.

திருவிழாவும் கிரிக்கெட்டும் மட்டுமே ஓ.பி. அல்ல என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைத் தஞ்சை விவசாயிகள் வானொலியின் பெயராலேயே அழைத்தார்கள். திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் வழியாக அது பரவியதே காரணம். அத்தகைய நிகழ்ச்சிகளுக்காகக் கிராமம் கிராமமாகச் சென்ற பயணங்களில்தான் சக ஊழியர்களின் குணம் நன்றாகத் தெரியவந்தது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே, யார் சாப்பாட்டைப் பங்கிட்டார், யார் வண்டியிலேயே படுத்துக்கொண்டார், மழையில் நனையாமல் மிக்ஸரை யார் தன் துண்டால் மூடினார் என்று கேளுங்கள். ஓட்டுநரிடம், "அண்ணே, கோயில் பக்கம் போனா வண்டியை எங்கே நிறுத்துவீங்க?" என்று கேட்டால் போதும். ஜெனரேட்டரின் சத்தம் மைக்கில் ஏறாத தூரம், கேபிள் எட்டும் தூரம், நிகழ்ச்சி முடிந்ததும் கூட்டத்துக்கு முன் வெளியேறும் வழி ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் கணக்கிட்டதை அவர் விளக்குவார். அது ஒலிப்பொறியாளருக்குச் சமமான அறிவு.

ஆண்டு, தேதி விஷயத்தில் யாரையும் நெருக்க வேண்டாம். "எந்த வருஷம்?" என்று கேட்டால் பேச்சு தடைபடும். நடந்த சம்பவங்களை அடையாளக் கற்களாக நட்டுக்கொண்டு, அதற்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயல், சென்னையில் 1968இலும் மதுரையில் 1981இலும் நடந்த உலகத் தமிழ் மாநாடுகள், 1969 பிப்ரவரியில் அண்ணாவின் இறுதி ஊர்வலம், 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் சமனில் முடிந்த டெஸ்ட் ஆட்டம், 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைவு, 1992 கும்பகோணம் மகாமகம் ஆகியவை தமிழ்நாட்டு வானொலிக்காரர்கள் எளிதில் பற்றிக்கொள்ளும் புள்ளிகள். நிகழ்ச்சிக்குள்ளேயும் இப்படிப்பட்ட அடையாளங்கள் உண்டு. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையின்போது பஞ்சரத்ன கீர்த்தனைகள் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற வரிசையில் பாடப்படும். அங்கே மிக்ஸரில் அமர்ந்த ஒருவருக்கு, லைன் போன நேரம் கடிகாரக் கணக்கில் நினைவில் இல்லை. "ஆரபி நடக்கும்போது" என்று உடனே சொன்னார்.

தனியாகப் பேச வைப்பதா, கூட்டமாகப் பேச வைப்பதா என்று கேட்பவர்களுக்கு என் கருத்து, முதலில் தனியாக, பிறகு இருவர் இருவராக என்பதே. நான் முதன்முதலில் ஏழு பேரை ஒரே அறையில் உட்காரவைத்து மூன்று மணி நேரம் பதிவு செய்தேன். மின்விசிறி இரைச்சலுக்கு நடுவே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதால், யார் எதைச் சொன்னார் என்பதே பிரித்தறிய முடியாமல் அந்தப் பதிவு முழுவதும் வீணாயிற்று. இருவர் என்றால் ஒருவரை ஒருவர் திருத்துவது தெளிவாகக் கேட்கும். ஒரே சம்பவத்தை இருவரும் வேறு வேறாகச் சொன்னால் சமரசம் செய்யாமல் இரண்டையும் அப்படியே வைத்திருங்கள். மறைந்துபோன சக ஊழியர்களின் பெயர் வரும்போது குரல் தழுதழுக்கும். உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் மௌனத்தையும் பதிவாக விடுங்கள். ஆனால், இறந்தவரின் குடிப்பழக்கமோ குடும்பச் சண்டையோ பேச்சில் வந்துவிட்டால், அந்தப் பகுதியை வெளியில் பகிர வேண்டாம். பதிவின் தொடக்கத்திலேயே பேசுபவரின் பெயர், இடம், தேதி, இதை யார் யார் கேட்கலாம் என்பதற்கான அவருடைய சம்மதம் ஆகியவற்றை அவர் குரலிலேயே பெற்றுக்கொள்ளுங்கள்.

கருவியைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. நல்ல கைபேசியும் சட்டையில் மாட்டும் ஒரு சிறிய மைக்கும் போதும். முடிந்தால் ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் (WAV) வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதியுங்கள். மின்விசிறியை நிறுத்தவோ வேகத்தைக் குறைக்கவோ சொல்லுங்கள். வெறும் அறையைவிடத் துணி, மெத்தை, புத்தக அலமாரி உள்ள அறையில் எதிரொலி குறையும். கைபேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றிவிட்டு, முதல் நிமிடத்தை ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டுப் பார்த்த பிறகே தொடருங்கள். வாழ்நாள் முழுவதும் ஒலியைக் காத்தவர்களை, இரைச்சலுக்கு நடுவே பதிவு செய்யக் கூடாது.

பேசிக்கொண்டிருக்கும்போதே சிலர் பரணிலிருந்து பழைய டேப் ஒன்றை எடுத்து வருவார்கள். நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்துவது அந்தக் கால வழக்கம் என்பதால், தப்பிப் பிழைத்த ஒவ்வொன்றும் அருமையானது. ஆர்வத்தில் அதை உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள். பூஞ்சை படிந்திருந்தாலும், புளித்த காடி வாடை அடித்தாலும், நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும், ஒருமுறை ஓட்டுவதே அதன் கடைசி ஓட்டமாகிவிடக்கூடும். டப்பாமேல் எழுதியிருப்பதையும் உள்ளே செருகியிருக்கும் சீட்டையும் படம் எடுத்துக்கொண்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில், ஸ்பீக்கர் போன்ற காந்தம் உள்ள பொருள்களுக்குத் தொலைவில் நிமிர்த்தி வைத்து, ஒலிநாடாக்களை மின்னணு வடிவுக்கு மாற்றும் அனுபவசாலியிடம் ஒப்படையுங்கள்.

வீடு திரும்பியதும் அன்றைக்கே கோப்புக்குப் பெயரிட்டு, மூன்று இடங்களில் பிரதி வையுங்கள். எத்தனையாவது நிமிடத்தில் எந்த ஊர், எந்த நிகழ்ச்சி, யார் பெயர் வருகிறது என்று ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள்; முழுப் பேச்சையும் எழுத்தாக்குவதைப் பிறகு நிதானமாகச் செய்யலாம். தேதிகளைச் சரிபார்க்க, நிலைய நிகழ்ச்சி நிரல்களைத் தாங்கி வந்த பழைய 'வானொலி' இதழ்கள் பெரிதும் உதவும்; கன்னிமாரா நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் அவற்றைத் தேடிப் பார்க்கலாம். அறிவிக்கப்பட்ட நிகழ்ச்சி நடக்காமலும் போயிருக்கலாம் என்பதால், இதழையும் நினைவையும் ஒன்றுக்கொன்று துணையாக வைத்துப் படிக்க வேண்டும்.

ஒரு பிரதியைப் பேசியவரின் வீட்டுக்கு நீங்களே கொண்டு செல்லுங்கள். பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் உடன் இருக்கும் நேரமாகப் பார்த்து, ஹெட்ஃபோன் இல்லாமல் எல்லோரும் கேட்கும்படி போடுங்கள். அப்போது இன்னொரு கருவியை இயக்கி மேசைமேல் வைத்திருங்கள். தன் குரலைக் கேட்ட பத்தாவது நிமிடத்தில், "இதில் ஒன்றை விட்டுவிட்டேனே" என்று அவர் நிச்சயம் தொடங்குவார்.