இருட்டாக எடுத்த ரா படத்தில் வெளிச்சத்தை ஏற்றும்போது நாய்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ரா-வில்தானே எடுக்கிறோம், அப்புறம் லைட்ரூமில் ஏற்றிக்கொள்ளலாம்." கல்யாண மண்டபங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ரா என்பது சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல், லைட்ரூம் படத்தைத் திருத்தும் சாஃப்ட்வேர். ஏற்றலாம்தான். ஆனால் ஏற்றிய பிறகு மணப்பெண்ணின் கூந்தலிலும் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டிலும் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள், அதாவது நாய்ஸ், கிளம்பினால், பழி கேமரா மேலோ சாஃப்ட்வேர் மேலோ போய் விழுகிறது. எக்ஸ்போஷர் ஸ்லைடர் புதிதாக நாய்ஸை உண்டாக்குவதில்லை. ஷட்டர் மூடியபோதே படத்தில் இருந்ததை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். ஒளி சென்சாரில் சீராக விழுவதில்லை. ஒரே அளவு வெளிச்சம் உள்ள இடத்திலும் பிக்சலுக்குப் பிக்சல் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம், விழுந்த ஒளியின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். கூந்தலின் நிழல் பகுதியில் ஒளி பட்டு ஒரு பிக்சலுக்குச் சராசரியாக 80 எலெக்ட்ரான் சேர வேண்டும் என்று வையுங்கள். கேமராவின் மின்சுற்று தன் பங்குக்கு 3 எலெக்ட்ரான் நாய்ஸைச் சேர்த்தாலும், மொத்த ஏற்ற இறக்கம் சுமார் 9. ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும். அதே படத்தை 3 ஸ்டாப் இருட்டாக எடுத்தால் சேர்வது 10 எலெக்ட்ரான்தான். ஏற்ற இறக்கமோ 4-க்கு மேல். இதை எட்டு மடங்கு ஏற்றி மறுபடி 80-க்குக் கொண்டுவந்தால் நாய்ஸும் எட்டு மடங்காகி 35-ஐத் தொடும். வெளிச்சம் ஒன்றுதான், நாய்ஸ் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. முகத்தில் அதிகம் தெரியாத நாய்ஸ், ஒளி குறைவாகச் சேரும் கூந்தலில் அப்பட்டமாகத் தெரிவதும் இதனால்தான்.

இதைப் புரிந்துகொள்ளாததால் வரும் முதல் தவறு, ஐஎஸ்ஓ-வை, அதாவது சென்சாரின் சிக்னலைக் கேமரா பெருக்கும் அளவை, கண்டு பயப்படுவது. நாய்ஸ் வந்துவிடும் என்று 800-லேயே நிறுத்திவிட்டு, வீட்டுக்கு வந்து 3 ஸ்டாப் ஏற்றுவார்கள். அப்பர்ச்சரும் (லென்ஸின் திறப்பு) ஷட்டர் நேரமும் மாறாதபோது, 800-இல் எடுத்தாலும் 6400-இல் எடுத்தாலும் சென்சாரில் விழும் ஒளி ஒன்றுதான். புதிய கேமராக்கள் பலவற்றில் இரண்டு படமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பழைய கேமராக்களில் 6400-தான் சுத்தமாக வரும். கேனான் 5டி மார்க் 2, 6டி போன்றவற்றில் குறைந்த ஐஎஸ்ஓ படத்தின் நிழலை அதிகம் ஏற்றினால் கோடுகோடாகவே வந்துவிடும். 2016-இல் வந்த 80டி, 5டி மார்க் 4 இவற்றில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. சோனி ஏ7 3-இல் 640-ஐத் தொட்டதும் சென்சார் நாய்ஸ் குறைந்த இன்னொரு நிலைக்கு மாறுகிறது. அங்கே 500-இல் எடுத்து ஏற்றுவதைவிட 640-இல் எடுப்பதே மேல்.

நாய்ஸ் உண்மையாகக் குறைய வேண்டுமானால் ஒளி கூட வேண்டும். மேடையில் அசையாமல் நிற்கும் குடும்பத்தை 1/250 நொடி ஷட்டரில் எடுக்க என்ன அவசியம்? 1/125 போதும், ஒளி இரட்டிப்பாகும்.

அடுத்தது, கேமராவின் திரையை நம்புவது. மங்கலான ஹாலில் திரை பளிச்சென்று தெரிவதால் இருட்டான படமும் சரியாக இருப்பதாகத் தோன்றும். வரவேற்பு மேடைக்குப் பின்னால் எல்இடி சுவர் இருந்தால் இன்னும் மோசம்: மீட்டர் அந்த வெளிச்சத்தைப் பார்த்து எக்ஸ்போஷரை இறக்கிவிடும், முகங்கள் இருண்டுபோகும். படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள், மீட்டர் சொல்வதை மாற்றும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள். அதற்காக அளவு மீறவும் கூடாது. பட்டு வேட்டியின் வெள்ளை முழுதாக வெளுத்துவிட்டால் ரா ஃபைலிலும் மீட்க எதுவும் மிஞ்சாது. என்னைக் கேட்டால் கொஞ்சம் நாய்ஸைத் தாங்கிக்கொள்ளலாம், வெளுத்துப்போன வேட்டியைத் தாங்க முடியாது.

மெனுவில் மறந்துபோன செட்டிங்கும் ஒரு காரணம். கேனானின் ஹைலைட் டோன் பிரியாரிட்டி, ஃபூஜியின் டிஆர்400 இரண்டும் வெளிச்சப் பகுதியைக் காப்பாற்ற ரா படத்தையே இருட்டாகப் பதிவு செய்கின்றன. மங்கலான இடத்தில் அணைத்துவிடுங்கள்.

மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படங்களில் இன்னொன்றைக் கவனித்திருப்பீர்கள். அந்த வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு. ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்யும்போது சாஃப்ட்வேர் நீலச் சானலை மட்டும் தனியாகப் பெருக்குகிறது. அதன்மேல் எக்ஸ்போஷரையும் ஏற்றினால் நிழலெல்லாம் நீலத் திட்டுகள். அந்த மாதிரி படத்தில் மஞ்சளை முழுதாக நீக்காமல் கொஞ்சம் விட்டுவையுங்கள். முகூர்த்த நேரத்துக்கு அந்த நிறம் பொருந்தவும் செய்யும்.

எடிட்டிங்கில் வரிசை முக்கியம். ஷார்ப்பனிங், கிளாரிட்டி, டீஹேஸ் எல்லாம் நாய்ஸையும் சேர்த்தே கூர்மையாக்கும். லைட்ரூமில் 2023-இல் வந்த ஏஐ டீநாய்ஸ் போன்றவை ரா தரவிலேயே வேலை செய்வதால் அதை முதலில் போட்டுவிடுங்கள். ஷேடோஸ் ஸ்லைடரை 100-க்குத் தள்ளாமல் மேடையின் ஓரங்களை இருட்டாகவே விடுங்கள், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. நிறப் புள்ளிகளைத் தாராளமாக நீக்கலாம். நிறமில்லாமல் வெளிச்சத்தில் மட்டும் தெரியும் லூமினன்ஸ் நாய்ஸில்தான் நிதானம் வேண்டும்: அதிகம் இழுத்தால் தோல் மெழுகாகும், பட்டுச் சேலையின் ஜரிகை நெசவு அழிந்துபோகும். 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்துக் கவலைப்படாமல், ஆல்பத் தாளின் அளவில் ஒருமுறை பிரிண்ட் போட்டுப் பார்த்து எவ்வளவு நீக்குவது என்று முடிவு செய்யுங்கள்.